பத்து வள்ளமும் ஒரு பூஜ்யமும்

விற்பனை வேலையில் முதலில் பழக வேண்டியது, அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பை வெளிப்பக்கம் பார்த்துக் கழற்றிப் போடுவது. திரும்பி ஓடும்போது நேரம் மிச்சமாகும்.

நாற்பதை நெருங்கும் வயதில் இருந்த வேலையை விட்டுவிட்டு, மாதக் கடைசியில் டார்கெட்டைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழிக்கும் அன்பர்களே, உங்களில் ஒருவனாகத்தான் இதை எழுதுகிறேன். என் ஊர் பாறசாலைக்குப் பக்கம். வீட்டின் முன்வாசலில் நின்றால் என் போன் கேரளம் என்று காட்டும். கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டுக்கு நல்வரவு சொல்லும். படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். பதினோரு வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற பம்பில் அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யம் காட்டினால் கேஜில்தான் கோளாறு. அந்த அளவை எழுதாமல் கேஜை மாற்று என்பார்கள். பதினோரு வருஷம் பூஜ்யத்தை எழுதாமலே பழகிவிட்டது என் கை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் உதவும்.

பிறகு இன்டர்நெட்டில் டேட்டா சயின்ஸ் படித்து ஒரு சான்றிதழ் வாங்கினேன். அந்தத் தைரியத்தில் வேலையை விட்டேன். திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. டேட்டா டீமுக்கு அல்ல, சேல்ஸுக்கு. முதலாளி ரெஜி சார் நெய்யாற்றின்கரைக்காரர். "முதல்ல வித்துப் படி, டேட்டா எல்லாம் பின்ன பாக்கலாம்" என்று சொல்லி, ஒரு பையையும் ஒரு டேப்லெட்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பெண் கொடுத்த காரணம்

என் மனைவி ஷீஜா காரக்கோணத்தில் நர்ஸ். வேலையை விட்ட விஷயத்தை அவளிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். கையில் சூடான பெட்டி இருக்கும்போது சொன்னது என் தவறு. அவள் கோபப்படவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், கட்டிலில் உட்கார்ந்தாள். பழைய மேனேஜர் அடுத்த வருஷம் மே மாதம்வரை என் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். அதற்குள் டேட்டா டீமில் ஒரு நாற்காலி கிடைக்காவிட்டால் திரும்பிப் போய்விடுகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

அவள் பாதி இஸ்திரி போட்ட யூனிஃபார்மை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "எஞ்சினியராக்கும்னு சொல்லித்தானே என்னக் கெட்டிக் குடுத்தது? இனி எங்க அம்மெ கேட்டா நான் என்ன சோலின்னு சொல்ல?"

வெட்டுகாரன் வருவானா

முதலில் விற்கக் கொடுத்தது மழை ஆப். நாளை காலை ரப்பர் வெட்டலாமா, மழை கெடுக்குமா என்று முந்தின நாளே சொல்லிவிடும். ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு தோட்டக்காரரைப் பிடித்தேன். டேப்லெட்டில் மேகம் நகர்வதைக் காட்டினேன், காற்றைக் காட்டினேன், மணிக்கணக்கில் மழையைக் காட்டினேன். அவர் மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தார். நடுவில் பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த கப்பைக்கிழங்கும் வந்தன. சாப்பிட்டேன். மறுபடியும் மேகம் காட்டினேன்.

முடிவில் அவர் என் தோளைத் தட்டி எழுந்துகொள்ளச் செய்தார். "மழெ வருமா வராதான்னு எனக்குத் தெரியண்டாம் மக்கா. வெட்டுகாரன் வருவானா வரமாட்டானா, அதச் சொல்லுமா உனக்க ஆப்பு?"

முதலாளியின் முகம்

மழை போணியாகாததால் முகம் பார்த்து வருகை பதிவு செய்யும் கருவியைக் கொடுத்தார்கள். அதியன்னூரில் ஒரு பேக்கரிக்காரர் வாங்கினார். என் முதல் விற்பனை. ஷீஜாவுக்கு அன்று அந்தப் பேக்கரியிலேயே ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். அவள் சாப்பிட்டுவிட்டு, கருவி நன்றாக ஓடுமா என்று கேட்டாள். நான் இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் பேக்கரிக்காரர் கருவியைப் பழைய அட்டைப்பெட்டியிலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓடவில்லையா என்று கேட்டேன். மிகவும் நன்றாக ஓடியதாம். வேலைக்காரர்கள் எல்லாம் ஆறரைக்கு வந்துவிடுகிறார்கள், முதலாளி மட்டும் தினமும் பத்தேகாலுக்கு வருகிறார் என்று சுவரில் பெரிய எழுத்தில் காட்டிக்கொண்டே இருந்ததாம். "இவனுவ வாற நேரந்தான் எனக்கு வேணும் சாரே," என்றார். "எனக்க நேரத்த அதுகிட்ட யாரு கேட்டா?"

எஞ்சின்

ஜனவரியில் ரெஜி சார் கூப்பிட்டார். மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் விற்கும் ஒரு கம்பெனி, எஞ்சினோடு சேர்த்துக் கொடுக்க ஒரு கடல் ஆப் தேடுகிறது என்றார். கரையில் பத்து வள்ளக்காரர்களைப் பிடித்து மூன்று மாதம் மீன் தகவல் சேர்க்க வேண்டும். அதை வைத்து, 'இன்று போகலாமா, எத்தனை பெட்டி மீன் கிடைக்கும்' என்று கணித்துச் சொல்லும் மாடலை நானே செய்யலாம். ஏப்ரல் கடைசியில் அந்தக் கம்பெனிக்குக் காட்ட வேண்டும். எடுபட்டால் டேட்டா டீமில் நாற்காலி எனக்கு. எடுபடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே, மே மாதம், கோயம்புத்தூர், பம்பு.

பொழியூர்க் கரைக்குப் போனேன். மூன்று நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் சூசை அண்ணனின் எஞ்சின் ஓடாமல் நின்றது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எஞ்சினில் ஒன்றும் இல்லை. பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பைக்கில் போய் நல்ல குழாயும் கிளிப்பும் வாங்கிவந்து மாட்டினேன். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது. சாயங்காலத்துக்குள் பத்து வள்ளக்காரர்களும் என் ஆப்பை இறக்கிக்கொண்டார்கள். அன்று டேப்லெட்டை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சூசை அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா பாறசாலைச் சந்தையில் மீன் விற்பவர். இதையெல்லாம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "எஞ்சின் நன்னாக்கத் தெரிஞ்ச ஆளு என்னத்துக்கு மக்கா இந்தப் பலகையத் தூக்கிட்டு வெயில்ல அலையுது?"

பூஜ்யம்

ஆப்பில் தகவல் நிரப்பும் பக்கத்தை நான்தான் செய்தேன். எவ்வளவு தூரம் போனீர்கள், எவ்வளவு நேரம், எத்தனை பெட்டி மீன். மூன்றே கேள்வி. பெருமையாக இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் சூசை அண்ணன் போன் செய்தார். அன்று மீனே படவில்லை, பூஜ்யம் போட்டால் ஆப் சிவப்பாகிக் கத்துகிறது என்றார். நான்தான் அப்படிச் செய்துவைத்திருந்தேன். பூஜ்யம் என்றால் கேஜ் கோளாறு அல்லவா? பொறுமையாக விளக்கினேன். மீன் கிடைத்த நாளை மட்டும் எழுதினால் போதும் அண்ணே, கிடைக்காத நாளில் நமக்கு ஒரு தகவலும் இல்லை.

அவர் அலைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "அப்பம் நாலு மணிக்கூறு வெயில்ல கெடந்துட்டு நான் சும்மா வந்த நாளு," என்றார், "அது நாளு இல்லியா மக்கா?"

பிரசங்கத்தின் நடுவே

எழுதாத நாளை மாடல் சும்மா விடாது. முன்னாலும் பின்னாலும் உள்ள நாட்களைப் பார்த்துத் தானாகவே ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பச் சொல்லிக்கொடுத்ததும் அடியேன்தான். மார்ச்சில் மாடலை ஓடவிட்டேன். இந்தப் பத்து வள்ளங்களும் நன்றாக விடிந்த பிறகு கிளம்புபவை. அதனால் தினமும் காலை ஏழு மணிக்குப் பத்துப் பேருக்கும் தானாகவே போன் போகும். எடுத்தால் என் குரலில் அன்றைய கணிப்பு ஒலிக்கும். நல்ல எண் வந்தால் கடலும் அமைதி என்றே சேர்த்துச் சொல்லும். ஏற்பாடெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள், எல்லாரும் சர்ச் பூசையில் இருப்பார்கள் என்பது மட்டும் மாடலுக்குத் தெரியாது. சனியையும் திங்களையும் பார்த்து ஞாயிற்றுக்கும் அது ஒரு நல்ல எண்ணைப் போட்டுவைத்திருந்தது.

பங்குச் சாமியாரான அச்சன் பிரசங்கத்தில் இருந்தபோது கோயிலுக்குள் பத்து போன்கள் ஒன்றாக அடித்தன. மற்ற ஒன்பது பேரும் அணைத்துவிட்டார்கள். சூசை அண்ணன் பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். 'இன்று கடல் அமைதி. பதினான்கு பெட்டி மீன் கிடைக்கும். உடனே புறப்படுங்கள்' என்று என் குரல் பீடம்வரை போயிருக்கிறது. அச்சன் புத்தகத்தை மூடவில்லையாம், முகத்தைச் சுளிக்கவும் இல்லையாம். ஸ்டெல்லா அக்கா அவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லிக்காட்டினார்: "போகணும்னு உள்ளவங்க போலாம். பதினாலு பெட்டியும் அங்கதான் கெடக்கும். நான் பைய முடிச்சிட்டு வாறேன்."

குழாய்

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று மாடலில் ஒரு வரி சேர்த்தேன். கோளாறு தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். வேறு எந்த நாளெல்லாம் காலியாகக் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று பார்க்கவில்லை. மாடலுக்கு நல்ல மதிப்பெண் வந்துகொண்டிருந்தது. நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளையிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

ஏப்ரல் நடுவில் ஒரு வியாழக்கிழமை. காலையில் வழக்கம்போல ஏழு மணிக்குப் போன் போனது. கடல் அமைதி, பதினோரு பெட்டி. எட்டு மணிக்கு நைட் டியூட்டி முடிந்து வந்த ஷீஜா, கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். கள்ளக்கடல் என்றால் காற்று இருக்காது, மழை இருக்காது. எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை திருடன் மாதிரி வந்து கரையில் ஏறிவிடும். எச்சரிக்கை முந்தின நாள் மாலையே வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் சொந்தமாக மாடல் இருக்கிறதே.

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் சூசை அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பொழியூரில் கரைச் சாலையில் தண்ணீர் ஏறிக் கிடந்தது. அலை வந்து அடிக்கிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. வள்ளங்களை மேட்டில் இழுத்துப் போட்டிருந்தார்கள். எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். சூசை அண்ணனின் நீல வள்ளம் இல்லை. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

யாரோ கையைப் பிடித்துக் கோயில் வளாகத்தைக் காட்டினார்கள். மேட்டில் இடம் போதாமல் நீல வள்ளம் அங்கே கொடிமரத்தடியில் ஏறிக் கிடந்தது. பக்கத்தில் சூசை அண்ணன் நின்று கத்திக்கொண்டிருந்தார். எஞ்சினிலிருந்து பெட்ரோல் குழாயை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டானாம். இல்லாவிட்டால் ஏழு மணிக்கே போயிருப்பாராம். எச்சரிக்கை கேட்டீர்களா அண்ணே என்று கேட்டேன். கேட்டாராம். மற்ற ஒன்பது பேரும் அதைக் கேட்டு நின்றுவிட்டார்களாம். அவர் மட்டும் என் பேச்சை நம்பியிருக்கிறார். எஞ்சினை நன்றாக்கியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. அன்பர்களே, விற்பனையில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. எனக்கு அழுகை வந்தது.

ஒன்பது மணிக்கு ஸ்டெல்லா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். மீன் சுமக்கும் அலுமினியப் பாத்திரமான சருவத்தைக் கீழே வைத்தார். முந்தின நாள் மீதி மீனையும் வாழையிலையையும் ஒதுக்கி, அடியிலிருந்து குழாயை எடுத்து சூசை அண்ணன் கையில் கொடுத்தார். நான் மாட்டிய அதே குழாய். விடிகாலையில் தண்ணீர் கரையைவிட்டு உள்ளே வாங்கியிருந்ததைப் பார்த்தாராம், கள்ளக்கடலுக்கு அது அடையாளமாம், உடனே குழாயைக் கழற்றிச் சருவத்தில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாராம். கிளிப் நல்ல கிளிப், கழற்றச் சிரமமே இல்லை என்று என்னைப் பாராட்டவும் செய்தார். ஆனால் அக்கா, என் போன் வருவதற்கு முன்னாலேயே எப்படி, என்று இழுத்தேன். "ஏழு மணிக்கு நீ என்ன சொல்லுவன்னு எனக்கு ஆறு மணிக்கே தெரியும்," என்றார். "நீ ஒருநாளும் போகண்டாம்னு சொன்னதில்லியே மக்கா."

காலி நாட்கள்

அங்கேயே கொடிமரத்தடியில் உட்கார்ந்து போனைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். மாடல் ஒருநாள்கூடப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. மூன்று மாதத்தில் காலியாகக் கிடந்த நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சூசை அண்ணனும் அக்காவும் காரணம் சொன்னார்கள். ஒரு நாள் நீரோட்டம் மோசம். ஒரு நாள் கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. இரண்டு நாள் கடல் அடித்தது. ஒரு நாள் ஊரில் சாவு. நாலு நாள் போய் வெறும் வள்ளத்தோடு திரும்பினார்கள். கெட்ட கடலில் அவர்கள் போவதில்லை. போகாததால் எழுதவில்லை. வெறுங்கையோடு வந்தால் எழுத நான் விடவில்லை. ஆகவே என் மாடல் பிறந்ததிலிருந்து கெட்ட கடலைப் பார்த்ததே இல்லை. காலியான நாளையெல்லாம் நல்ல கடலும் மீனுமாக நிரப்பிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். அவர் சருவத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "மீனு எத்தன பெட்டின்னாக்கும் நீ கேட்டது. போகாத்ததுக்கு என்ன காரணம்னு நீ எப்பம் கேட்ட?"

நாற்காலி

ஏப்ரல் கடைசியில் எஞ்சின் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் ரிப்போர்ட்டைத் திறந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த வியாழக்கிழமை யாரும் கடலுக்குப் போகவில்லை. போகாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் கணிப்புத் தவறு என்றும் இல்லை. ஒரு ஆளைக் கொல்லப் பார்த்த நாளிலும் என் மாடலின் மதிப்பெண் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாற்காலி எனக்கு. இதை ஷீஜாவிடம் சொன்னேன். அவள் மறுபடியும் யூனிஃபார்மைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் என்ன வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறக்கத்தான் போகிறேன் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

மறுநாள் ரெஜி சார் என்னை அறிமுகப்படுத்திவிட்டு உட்கார்ந்தார். நான் முதல் படத்தைப் போட்டேன். காலி நாட்களின் படம். இந்த மாடல் கெட்ட கடலைப் பார்த்ததில்லை, இது போ என்று சொன்னால் யாரும் போகக்கூடாது, பூஜ்யத்தையும் போகாத நாளையும் அதன் காரணத்தையும் எழுதி இன்னும் ஒரு வருஷமாவது பழக்க வேண்டும், அதுவரை இதை விற்காதீர்கள் என்றேன். குழாய்க் கதையையும் சொன்னேன். அவர்கள் சாயாவை முழுதும் குடித்தார்கள், கை குலுக்கினார்கள், போய்விட்டார்கள். வாங்கவில்லை.

ரெஜி சார் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். நான் மனசுக்குள் மே மாதத்துக்கு ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். "சுனிலே, வாங்க வந்த ஆளுட்ட இது கொள்ளாது, வாங்கண்டாம்னு சொல்லுத ஒருத்தன இனி சேல்ஸில வச்சிட்டிருக்க முடியாது," என்றார். "நாளைக்குத் தொட்டு டேட்டா டீமில போய் இரி. அங்க இப்படி ஒருத்தன் இல்லாத்ததாக்கும் கொறவு."

பதினோரு வருஷம் பம்பை ஓட்டிப் பார்த்து, ஒரு வருஷம் ஓடுமா என்று தெரியாததை விற்று அலைந்த நான், இப்போது பத்து வள்ளங்கள் கடலுக்குப் போகாத நாட்களை ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன், மாமியாரிடம் மட்டும் இன்னும் எஞ்சினியர் என்றே சொல்லிவைத்திருக்கிறோம்.